ஆர்சனிக் ஊசி போட்டால் ஆள் பிழைப்பாரா?

கேள்வி இதுதான்: "பென்சிலின் வருவதற்கு முன்னால் சிபிலிஸுக்கு ஆர்சனிக் ஊசி போட்டார்களாமே, அது விஷம் ஆயிற்றே, நோயாளி சாகவில்லையா? அந்த மருந்துக்கு 606 என்று ஏன் பெயர்? இப்போதும் எங்காவது ஆர்சனிக் கொடுக்கிறார்களா?"

சில பேர் செத்தார்கள். சில பேருக்குக் கண் போயிற்று. பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள், அதுவும் அதுவரைக்கும் எந்த மருந்திலும் பார்க்காத அளவுக்குப் புண் ஆறி நடமாடினார்கள். மூன்றுமே உண்மை. ஆர்சனிக் என்றதும் நமக்குப் பாஷாணம் ஞாபகம் வருகிறது, வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாமே ஆர்சனிக் சரக்குதான். ஆனால் ஒரு பொருள் விஷமா மருந்தா என்று கேட்பதைவிட, கிருமியைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், 1890 முதல் 1940 வரை நடந்த மொத்தக் கூத்தும் புரிந்துவிடும். அந்த இடத்தை ஒரு விரற்கடை அகலப்படுத்தத்தான் அத்தனை பேரும் மாரடித்தார்கள்.

முதலில் பழைய நிலைமையைப் பார்ப்போம், ஏனென்றால் ஆர்சனிக்குக்கு முன்னால் கொடுத்தது ஒன்றும் பாயசம் இல்லை. பாலுறவால் பரவும் இந்த சிபிலிஸ் நம் பக்கம் வந்தது 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் கப்பலோடு வந்த சரக்கு என்றுதான் ஊரே நம்பியது, அதனால்தான் பறங்கிப்புண் என்ற பெயர். அந்த நூற்றாண்டில் எழுந்த ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசத்திலும் 'பிரங்க ரோகம்' என்று தனியாக இடம் பிடித்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கிற பறங்கிப்பட்டை சீனாவில் விளைகிற ஒரு கொடியின் கிழங்கு. அதுவும் இந்த நோய்க்கான மருந்தாக அதே பறங்கியர் வழியாகக் கோவாவில் வந்து இறங்கியதுதான். நோயும் மருந்தும் ஒரே ஆள் கையால்! ஐரோப்பாவிலும் சரி இங்கேயும் சரி, கடைசிப் புகலிடம் பாதரசம். உடம்பில் தேய்ப்பார்கள், புகை போடுவார்கள், உள்ளுக்கும் கொடுப்பார்கள். ஈறு வீங்கி, பல் ஆடி, எச்சில் குடம் குடமாக ஒழுகும். எச்சில் ஒழுகினால் நோய் இறங்குகிறது என்று ஐரோப்பிய வைத்தியர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அது பாதரச விஷத்தின் அறிகுறி என்பது அப்புறம்தான் உறைத்தது. நானூறு வருஷம் இதுதான் நிலைமை.

இதை மாற்றியது வைத்தியம் இல்லை, சாயப்பட்டறை. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் லண்டனில் மலேரியா மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்து, கொயினாவுக்குப் பதிலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் ஜெர்மனியில் மலை மாதிரி வளர்ந்தது. அந்தச் சாயங்களில் சிலது நுண்ணோக்கியின் கீழே ஒரு வகை உயிரணுவில் மட்டும் ஒட்டுகிறது, பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுகிறது. இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பால் ஏர்லிக். எந்நேரமும் சுருட்டுப் புகைக்குள் இருப்பார், நாளுக்கு 25 சுருட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஆய்வகத்துக்குள் நுழைவார், உதவியாளர்களுக்கு வேலையை வண்ண அட்டைகளில் கிறுக்கிக் கொடுப்பார். அவர் யோசித்தது ரொம்ப எளிமையானது: சாயம் கிருமியில் மட்டும் ஒட்டுமானால், அந்தச் சாயமே கிருமியைக் கொல்லாதா?

1891இல் பெர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் புளூவைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு பேரும் தேறினார்கள். கொயினா அளவுக்கு அது வலுவாக இல்லை, சிறுநீர் நீலப் பச்சையாகப் போனதுதான் மிச்சம் என்று சிரித்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் முழுக்க ஆய்வகத்தில் செய்த ஒரு பொருள் மனிதனுக்குள் ஒட்டுண்ணியைத் தாக்குகிறது என்று காட்டியது அதுதான். 1904இல் ஜப்பானிலிருந்து வந்த கியோஷி ஷிகாவோடு சேர்ந்து டிரிப்பன் ரெட் என்ற சிவப்புச் சாயத்தால், டிரிப்பனோசோம் என்ற ஓரணு ஒட்டுண்ணி தொற்றிய சுண்டெலிகளைக் குணப்படுத்தினார். சுண்டெலி பிழைத்தது, மற்ற விலங்குகளுக்குப் போனபோது அவ்வளவு வேலை செய்யவில்லை. மருந்து ஆராய்ச்சியில் இந்தக் கதை அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு.

அப்போதுதான் ஆர்சனிக் உள்ளே வருகிறது. அதற்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர், பெஷாம், அனிலினையும் ஆர்சனிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி ஒரு சேர்மம் செய்து வைத்திருந்தார். பிற்பாடு அதற்கு வைத்த பெயர் அட்டாக்சில், அதாவது 'விஷமில்லாதது'. பெயர் வைத்தவருக்கு நல்ல மனசு. 1905இல் லிவர்பூலில் தாமஸும் பிரைன்லும் இது டிரிப்பனோசோமைக் கொல்கிறது என்று காட்டினார்கள். உடனே காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே ராபர்ட் கோக், விக்டோரியா ஏரியில் இருக்கும் செஸே தீவுகளுக்குப் போய் முகாம் போட்டார். அங்கே அதே டிரிப்பனோசோமால் வரும் தூக்க நோய் கிராமம் கிராமமாக ஆட்களைத் தின்றுகொண்டிருந்தது. அட்டாக்சில் போட்டதும் ரத்தத்திலிருந்து கிருமி மறைந்தது, சில வாரத்தில் திரும்பியது. சரி, அளவைக் கூட்டுவோம் என்று கூட்டினார். இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை நிரந்தரமாகப் போயிற்று, பார்வை நரம்பே கருகிவிட்டது. நான் மேலே சொன்ன அந்த 'நடுவில் இருக்கும் இடம்' எவ்வளவு குறுகலானது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம். சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆப்பிரிக்கக் கிராமத்து ஜனங்கள், ஏரிக்கரையில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டு முடிவெடுக்கும் பழக்கமெல்லாம் காலனி ஆட்சியில் கிடையாது. இந்த வரலாற்றைப் பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை.

ஏர்லிக் ஃபிராங்பர்ட்டில் இருந்துகொண்டு வேறு கோணத்தில் போனார். அட்டாக்சிலின் அமைப்பு என்று எல்லோரும் நம்பியது தப்பு என்று 1907இல் அவரும் வேதியியலாளர் ஆல்பிரெட் பெர்தைமும் காட்டினார்கள். அதில் ஓர் அமினோ தொகுதி கட்டுப்படாமல் நிற்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் எத்தனை புதுச் சேர்மம் வேண்டுமானாலும் செய்யலாம். இன்னொன்றும் கவனித்தார், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: சோதனைக் குழாயில் அட்டாக்சிலைக் கொட்டினால் கிருமி ஜாலியாக நீந்துகிறது, அதே மருந்து உடம்புக்குள் போனால் கிருமி சாகிறது. அப்படியென்றால் உடம்பு அதை வேறொன்றாக மாற்றுகிறது. ஐந்து இணைதிறன் உள்ள ஆர்சனிக்கை மூன்றாகக் குறைக்கிறது. அப்புறம் என்ன, மாற்றிய வடிவத்தையே நேராகச் செய்துவிடுவோம் என்று இறங்கினார்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 605 தடவை தோற்று 606ஆவது தடவை ஜெயித்தார் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆய்வகப் பதிவேட்டில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் எண், அவ்வளவுதான். 418 என்று ஒன்று டிரிப்பனோசோமுக்கு நன்றாகவே வேலை செய்தது. 606ஐ 1907இலேயே செய்துவிட்டார்கள். சோதித்துப் பார்த்த உதவியாளர் பிரயோஜனமில்லை என்று சொல்ல, அலமாரிக்குப் போய்விட்டது. விடாமுயற்சிக் கதை என்பதைவிட ஒழுங்காகச் சோதிக்காமல் ஒதுக்கிய கதை என்றால் இன்னும் பொருந்தும்.

இதற்கு நடுவில் 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார்கள். கார்க் திறப்பான் மாதிரித் திருகிக்கொண்டு போகும் மெல்லிய புழு போல, ஸ்பைரோகீட் என்ற இனம். டிரிப்பனோசோமுக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்கும் என்று ஷௌடின் நினைத்தார். அது தப்பு, ஒன்று ஓரணு ஒட்டுண்ணி, இன்னொன்று பாக்டீரியா. ஆனால் அந்தத் தப்பான நினைப்பால்தான் ஆர்சனிக்கை இதற்கும் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

1909 வசந்தத்தில் டோக்கியோவில் கிடசாடோவின் நிறுவனத்திலிருந்து சஹாசிரோ ஹாடா வந்து சேர்ந்தார். முயலுக்குச் சிபிலிஸ் தொற்ற வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. அலமாரியில் கிடப்பதையெல்லாம் எடுத்து மறுபடி சோதி என்றார் ஏர்லிக். ஹாடா ஒவ்வொன்றாக, சலிக்காமல், பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஆகஸ்ட் 31ஆம் தேதி, விதைப்பையில் பெரிய புண்ணோடு இருந்த ஓர் ஆண் முயலின் காது நரம்பில் 606ஐ ஏற்றினார்கள். மறுநாள் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் உயிரோடு ஒரு ஸ்பைரோகீட் இல்லை. மூன்று வாரத்தில் புண் இருந்த இடத்தில் தோல் மூடிவிட்டது. 1910 ஏப்ரலில் வீஸ்பாடன் மாநாட்டில் அறிவித்தார்கள். அந்த வருஷ முடிவில் ஹோக்ஸ்ட் என்ற சாயக் கம்பெனி 606ஐச் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு விடுவதற்கு முன்பே சுமார் 65,000 தவணை மருந்தை டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பி முடிவு கேட்டிருந்தார் ஏர்லிக். இன்றைக்கு நாம் கள ஆய்வு என்று சொல்வதன் பழைய வடிவம், மேற்பார்வை இல்லாத வடிவம்.

சரி, அந்த ஊசியை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கிறது. காற்றுப் பட்டால் மருந்து கெட்டு விஷம் ஏறும், அதனால் காற்றில்லாமல் மூடிய கண்ணாடிக் குப்பியில் மஞ்சள் பொடியாக வரும். உடைத்து, கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் கரைக்க வேண்டும். கரைசல் அமிலமாக இருக்கும், அப்படியே ஏற்றினால் ஆள் காலி. அதனால் காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் தயிர் திரிந்த மாதிரி வீழ்படிவு கட்டும், பயப்படாமல் இன்னும் சில சொட்டு விட்டால் மறுபடி கரைந்து தெளிந்த மஞ்சளாகும், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் உப்பு நீரில் கலந்து, ஸ்டாண்டில் தொங்கும் கண்ணாடிக் குடுவையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக நரம்பு ஊசியாக மெதுவாக இறக்க வேண்டும். ஊசி நரம்பை விட்டு நழுவிக் கொஞ்சம் சதைக்குள் போனாலும் கை வீங்கிச் சதை அழுகிவிடும். ஆரம்பத்தில் சதையில்தான் போட்டார்கள், வலியில் நோயாளிகள் கதறினார்கள். இதையெல்லாம் ஊர் ஊராக இருந்த சாதாரண டாக்டர்கள், அதுவரை நரம்பு ஊசியே போட்டுப் பழகாதவர்கள் செய்தார்கள். செத்தவர்களில் எத்தனை பேர் மருந்தால் செத்தார்கள், எத்தனை பேர் கலக்கிய விதத்தால் செத்தார்கள் என்று பிரிக்கவே முடியாது. 1912இல் வந்த நியோசால்வர்சான், எண் 914, நீரில் எளிதாகக் கரைந்தது. கொஞ்சம் வீரியம் குறைவு, ஆனால் கலக்குவதில் தப்பு குறைந்தது.

இன்னொரு விஷயம் டாக்டர்களையே கலங்கடித்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், படை எல்லாம் இன்னும் மோசமாகும். கொத்துக் கொத்தாகச் சாகும் ஸ்பைரோகீட்கள் உடைந்து ரத்தத்தில் கொட்டுவதால் வருவது இது. பெயர் யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் வினை. பாதரச காலத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள், பென்சிலினுக்கும் வரும். நான் வார்டில் இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மழையில், எலிக்காய்ச்சலோடு ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். எலிக்காய்ச்சல் கிருமியும் ஸ்பைரோகீட்தான். பென்சிலின் போட்டு மூன்று மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி உதறினார். அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்: "என்னங்க டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி பேசிக்கிட்டுதான இருந்தாரு? மாத்திப் போட்டுட்டீங்களா?" எனக்கே வயிற்றைக் கலக்கியது, புத்தகத்தில் படித்தது கண்முன்னால் நடந்தால் படித்தது மறந்துவிடும். நடுராத்திரிக்குள் அடங்கி, காலையில் காபி கேட்டார். அப்போது 1910இல் யார் கையிலும் புத்தகமே இல்லாமல் இதைப் பார்த்த டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஹெர்க்ஸ்ஹைமர் ஃபிராங்பர்ட் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவின் தலைவர். அவருடைய வார்டில் பாலியல் தொழிலாளர்களுக்குக் கட்டாயப்படுத்தி சால்வர்சான் போடுகிறார்கள், ஏர்லிக் காசு பார்க்கிறார் என்று வாஸ்மன் என்ற பத்திரிகைக்காரர் எழுதினார். 1914இல் வழக்காகி, வாஸ்மனுக்கு ஓராண்டுச் சிறை. எழுதியவருக்கு யூத வெறுப்பும் சேர்ந்திருந்தது, ஏர்லிக்கும் யூதர், ஹெர்க்ஸ்ஹைமரும் யூதர். ஆனால் அந்தப் பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலைமை இருந்ததா என்ற கேள்வி மட்டும் தீர்ப்பால் தீர்ந்துவிடவில்லை என்பது என் எண்ணம். ஏர்லிக் 1915இல் இறந்தார். ஹெர்க்ஸ்ஹைமரை 1942இல், எண்பது வயது தாண்டிய கிழவரை, நாஜிகள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு இழுத்துப் போனார்கள், அங்கேயே செத்தார்.

ஒரே ஊசியில் எல்லாக் கிருமியும் ஒழியும் என்று ஏர்லிக் கனவு கண்டார். சிபிலிஸில் அது பலிக்கவில்லை. வாராவாரம், ஒரு வருஷத்துக்கு மேல், நடுநடுவே பாதரசம் அல்லது பிஸ்மத் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. புண் ஆறியதும் பாதியில் நின்றுகொண்டவர்கள் ஏராளம். அந்தக் கனவு ஓரளவுக்குப் பலித்தது யாஸ் நோயில். சிபிலிஸின் பங்காளிக் கிருமிதான், ஆனால் பாலுறவால் வருவது இல்லை, வெப்ப நாட்டு ஏழைக் குழந்தைகளுக்குத் தோலோடு தோல் உரசிப் பரவும். இலங்கையில் இதற்கும் 'பறங்கி' என்றே பெயர். கிருமியைக் கண்டுபிடித்ததும் அங்கேதான், 1905இல் கொழும்பில், கஸ்டெலானி. ஒன்றிரண்டு ஆர்சனிக் ஊசியில் புண் உதிர்ந்து போவதைப் பார்த்து ஜனங்கள் ஊசியையே தேடி வந்தார்கள். வெப்ப நாடுகளில் 'ஊசி போட்டால்தான் வைத்தியம்' என்ற நம்பிக்கை வேர் பிடித்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆர்சனிக்கின் தம்பி ஆன்டிமனி, நம் அஞ்சனக்கல். இது மண்ணீரல் வீங்கி ஆளை உருக்கும் காய்ச்சலான காலா அசாருக்கு. அந்த நோயின் ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவானி என்று பெயர், அதில் இருக்கும் டோனோவான் 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். வீங்கிய மண்ணீரலில் இருந்து எடுத்த ரத்தத்தில் இந்த உருண்டைகளைப் பார்த்துச் சொன்னார். முதலில் கொடுத்தது டார்ட்டர் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பு, எமெட்டிக் என்றால் வாந்தி வரவைப்பது, பெயரிலேயே வாந்தி இருக்கிறது. மாதக்கணக்கில் நரம்பு ஊசி, ஒவ்வொன்றுக்கும் இருமலும் குமட்டலும். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, கேம்பெல் மருத்துவமனையில், காஸ் அடுப்பு இல்லாத, மின்சாரம் இல்லாத ஒரு சின்ன அறையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் 1920இல் யூரியா ஸ்டிபமைன் செய்தார். விஷம் குறைந்தது, சிகிச்சை மாதங்களிலிருந்து வாரங்களுக்கு இறங்கியது, அசாமிலும் வங்காளத்திலும் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த ஜனங்கள் பிழைத்தார்கள். ஏர்லிக்குக்கு ஒரு சாயத் தொழிற்சாலையே பின்னால் நின்றது, இவருக்கு ஒரு விளக்கு. நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

டார்ட்டர் எமெட்டிக் இன்னொரு இடத்தில் வேறு மாதிரி பழிவாங்கியது. எகிப்தில் நத்தைக் காய்ச்சல் எனும் சிஸ்டோசோமியாசிஸை ஒழிக்க 1950கள் முதல் 80கள் வரை கிராமங்கள் முழுக்க இதை நரம்பு ஊசியாகப் போட்டார்கள். கண்ணாடிச் சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் அடுத்தவருக்கு. மருந்தைவிட ஊசிதான் வினையாயிற்று, ஹெபடைட்டிஸ் சி உலகிலேயே அதிகம் பரவிய நாடாக எகிப்து ஆனது.

தூக்க நோய்க்கும் வரிசையாக மருந்து வந்தது. சாயத்திலிருந்து பிறந்து நிறத்தை இழந்த சுராமின், பேயர் 205 என்று ஜெர்மானியர் சூத்திரத்தைச் சொல்லாமல் ஒளித்து வைத்தது, 1924இல் பாரிஸில் ஃபூர்னோ உடைத்துக் காட்டிவிட்டார். அப்புறம் 1949இல் மெலார்சோபிரால், மறுபடியும் ஆர்சனிக். அது கரைந்திருந்த திரவம் பிளாஸ்டிக் சிரிஞ்சையே அரித்துவிடும், கண்ணாடிச் சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். ஏற்றும்போது நரம்பில் நெருப்பு ஓடுவது போல இருக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர் மருந்தாலேயே செத்தார்கள், போடாவிட்டால் நூற்றுக்கு நூறு என்பதால் போட்டார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வரும் வகைக்கு இப்போது ஃபெக்ஸினிடசோல் மாத்திரை இருக்கிறது.

சிபிலிஸில் 1943இல் அமெரிக்காவில் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் போட்டுக் காட்டியதும் ஆர்சனிக் ஊசிகள் சில வருஷத்தில் கடையைக் கட்டின. இதில் ஒரு வேடிக்கை, 606இன் அமைப்பு என்று ஏர்லிக் வரைந்தது, இரண்டு ஆர்சனிக் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில், நூறு வருஷம் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2005இல் நியூசிலாந்தில் பார்த்தால், மூன்று ஆர்சனிக் வளையமும் ஐந்து ஆர்சனிக் வளையமும் கலந்த கலவை.

கடைசிக் கேள்வி, இப்போதும் ஆர்சனிக் கொடுக்கிறார்களா. கொடுக்கிறார்கள், பெரும்பாலும் கிருமிக்கு இல்லை. ரத்தப் புற்றுநோயில் அக்யூட் புரோமைலோசைட்டிக் என்று ஒரு வகை, அதற்கு ஆர்சனிக் டிரையாக்சைடு, அதாவது சாட்சாத் வெள்ளைப் பாஷாணமேதான், 1970களில் சீனாவின் ஹார்பினில் தொடங்கி 2000இல் அமெரிக்க அனுமதியும் வாங்கியது. டிரிப்பில் இறங்கும், இசிஜியை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதில் தெரியும் QT இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார ரீதியில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், ஒரு கோட்டைத் தாண்டி நீண்டால் நிறுத்திவிடுவார்கள்.